இரண்டு வீட்டுக்கு ஒரு டிராக்டர்

ஊசியக்காவிடம் ரத்தம் கொடுத்தவர்கள் யாரும் வலித்தது என்று சொன்னதில்லை. பரிசோதனைக் கூடத்தின் நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே ஒரு கேள்வியைப் போடுவாள். அது உடம்பைப் பற்றியதாக இருக்காது. "உங்க வீட்ல குறட்டை விடறது யாரு?" என்பாள். இல்லாவிட்டால், "கடைசியா எப்போ பொய் சொன்னீங்க?" என்பாள். வந்தவர் திகைத்து, யோசித்து, சிரித்துப் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்துவிடும். பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லியிருப்பாள். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். ஊசியக்கா விடுப்பு என்று தெரிந்தால் அவர் வேறு யாரிடமும் கையை நீட்டாமல் வெறும் வயிற்றோடு திரும்பிப் போய்விடுவார்.

வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. அதே வாய்தான் வீட்டில் வினையையும் கொண்டுவந்தது.

அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே ஓர் எலுமிச்சைத் தோட்டம் உண்டு. மாமனார் அதன் நடுவே வரப்புப் போட்டு மகன்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். மூத்தவர்தான் ஊசியக்காவின் கணவர். கல்லூரி விடுதி ஒன்றில் சமையல்காரர். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவார். ஐந்நூறு பேருக்கு அலட்டிக்கொள்ளாமல் உலை வைக்கிற மனிதர், தோட்டத்துக்குப் போனால் மட்டும் முள் குத்தும் என்று வரப்போடு நின்றுகொள்வார். இளையவர் வயர்மேன். யார் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத சாந்த குணம். அவருடைய மனைவி, அதாவது ஊசியக்காவின் ஓரகத்தி, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டே உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, அவள் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டுதான் பேசுவாள். அந்த இரண்டும் பெரும்பாலும் 'கிளட்ச்', 'மெதுவா' என்பவையாகத்தான் இருக்கும்.

ஒருத்தி கொட்டிக்கொண்டே இருப்பவள், இன்னொருத்தி இறுக்கி மூடிய குழாய். ஆனாலும் தொடக்கத்தில் இருவரும் ஒட்டுதலாகத்தான் இருந்தார்கள். தோட்டத்தில் சேர்ந்து காய் பறிப்பார்கள். பெரியவள் பேசுவாள், சின்னவள் கேட்டுச் சிரிப்பாள்.

அந்த ஒட்டுதல் ஒரு துண்டு கேக்கில் அறுந்தது. மாமனாரின் பிறந்த நாளுக்கு உறவு முழுவதும் கூடியிருந்தது. ஓரகத்தி தன் தட்டில் கேக்கை எடுத்து வைத்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் அவள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஊசியக்கா எட்டி அந்தத் தட்டை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, "உனக்குத்தான் சுகர் ஏறிக் கிடக்கே, இத எதுக்கு தொடற?" என்றாள். அக்கறையில் சொன்னதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடக்கச் சொன்னார் ஒருவர், சோற்றைக் குறைக்கச் சொன்னார் இன்னொருவர், தன் மைத்துனருக்குக் கால் விரல் போன கதையை எடுத்தார் மூன்றாமவர். ஓரகத்தி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அப்படியே நாலு வருஷம் ஓடியது.

பேச்சில்லை என்றாலும் அதைப் பகை என்று சொல்லிவிட முடியாது. கிணற்று மோட்டாரை ஒருத்தி போட்டுவிட்டுப் போனால் மற்றவள் நேரம் பார்த்து நிறுத்துவாள். ஒருத்தி பறித்த காயை மற்றவள் காவல் காப்பாள். சொல்ல வேண்டியது எதுவானாலும் வயர்மேன் வழியாகப் போய் வயர்மேன் வழியாகத் திரும்பும். ஊசியக்கா அந்த ஊமை நாடகத்தை வீம்புக்காகவே தொடர்ந்தாள். நல்லதைச் சொன்னதற்கு நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்பது அவள் கட்சி.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே களை முழங்காலைத் தாண்டிவிட்டது. வாடகை டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினால் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தார்கள். கடைசியாக வந்தது பெரிய வண்டி. வரிசைக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் காய் பிடித்த கிளைகள் படபடவென்று முறிந்து விழுந்தன. ஓட்டியவர் இறங்கிப் பார்த்துவிட்டு, மரத்தைக் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம் என்று குறை சொன்னார். வாடகையையும் குறையாமல் வாங்கிக்கொண்டு போனார்.

ஊசியக்கா மறுநாளே மெக்கானிக் பட்டறைக்குப் போனாள். வரிசைக்குள் நுழைகிற மாதிரி ஒரு சின்ன டிராக்டர், பழையதாக, தன் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்குமா என்று விசாரித்தாள். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அவள் சொன்ன தொகையைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. அதற்கு ரெண்டு நாள் முன்பு ஓரகத்தியும் வந்து அதே மாதிரி வண்டியை, கிட்டத்தட்ட அதே தொகைக்குக் கேட்டுவிட்டுப் போனதை மட்டும் சொன்னார்.

"தனித்தனியா வாங்கணும்னா ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி வண்டிதான் வரும். யாருக்கு முன்பக்கம், யாருக்குப் பின்பக்கம்னு பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

பேசி முடிவு பண்ணுவதுதானே இங்கே சிக்கல். வயர்மேன் ஒரு வாரம் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தார். பணத்தைச் சேர்த்துப் போடுவது என்றும், இரண்டு பேருக்கும் பிடித்தால் மட்டுமே வாங்குவது என்றும் ஒருவழியாக ஏற்பாடானது. இரண்டு வீட்டுக் காசையும் கூட்டினாலும் புது வண்டி விலையில் பாதியைத்தான் எட்டியது. அதனால் பழைய வண்டியைப் பார்த்து வாங்குவதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று மெக்கானிக் எச்சரித்தார். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிஃப்டில் கனமாக எதையாவது ஏற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, அது இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசைக்குள் நுழையுமா என்று அகலத்தை அளக்க வேண்டும். வயர்மேன் வரிசையின் இடைவெளிக்குச் சரியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை வெட்டித் தன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டார்.

முதல் வண்டி ஒரு விற்பனைக் கொட்டகையில் நின்றது. பார்த்தாலே கண் கூசியது. அவ்வளவு பளபளப்பு. கொட்டகைக்காரர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, ஒரே கை ஓட்டியது, வயலையே பார்க்காதது என்று அளந்தார். ஊசியக்கா சுற்றி வந்தாள். இரும்புக்குத்தான் பெயின்ட் அடிப்பார்கள். இங்கே ரப்பர் குழாய், திருகாணித் தலை, பேட்டரி ஒயர் என்று ஒன்று விடாமல் சிவப்பு வழிந்திருந்தது. கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் பல்லுக்கும் பவுடர் போட்ட மாதிரி இருக்கிறது என்று வயர்மேனிடம் சொன்னாள். அவர் அதை மனைவியிடம் சொல்லவில்லை. நாலு அடி தள்ளி நின்ற அவள் காதில் அது விழுந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

எஞ்சின் மேல் ஊசியக்கா புறங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பது போலத்தான். சுட்டது. இவர்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்து அவள் செய்ததை அந்தக் கொட்டகைக்காரர் தன் ஆயுளில் பார்த்திருக்கமாட்டார். கைப்பையிலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்தாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதில் வழிந்ததைத் திரும்பத் திரும்பக் குழாயில் சொட்டவிட்டு, ரப்பர் மூடி போட்டு, மேலே பேனாவால் 'சிவப்பு' என்று எழுதிப் பைக்குள் வைத்தாள். கொட்டகைக்காரர் இது எதற்கு என்று கேட்டதற்கு, ரிசல்ட் நாளைக்கு வரும் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் குழாயின் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியிருந்தது. மேலே ஆயில் கலங்கி, பால் ஊற்றிய காபி நிறத்தில் நின்றது. குழாயை வயர்மேன் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். ஓரகத்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் அனுப்பிய பதில் ஒரே வார்த்தை: "வேணாம்."

இரண்டாவது வண்டிக்குத்தான் சண்டை வந்தது.

அது ஒரு வீட்டின் பின்புறம் தகரக் கூரையின் கீழ் நின்றது. குறை சொல்ல ஏதுமில்லை. ஆறிக் கிடந்த எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. புகை ஒரு மூச்சு வந்து தெளிந்தது. பிளாஸ்டிக் குழாயை வைத்துப் பார்த்தால் அகலம் கச்சிதம். ஓரகத்தி ஏறி உட்கார்ந்து, வீட்டை ஒட்டிய தோப்பைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தாள். இறங்கும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை வயர்மேன் பல வருஷமாகப் பார்த்ததில்லை. விலையும் எட்டுகிற விலை. எட்டுவது என்ன, நடந்து வந்து மடியில் உட்காருகிற விலை.

அந்த விலைதான் ஊசியக்காவை உறுத்தியது. விற்பவர் பணிவான மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். அவள் தன் பழைய வித்தையைக் காட்டினாள்.

"வீட்ல யாருக்குங்க இத விக்கறதுல இஷ்டமில்ல?"

அவர் யோசிக்காமல் "அண்ணனுக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு விழித்தார். மெதுவாக விஷயம் வெளியே வந்தது. வண்டி அண்ணன் பெயரில் இருக்கிறது, கடனும் பாக்கி இருக்கிறது, அண்ணன் கையெழுத்துப் போடமாட்டார், ஆனால் ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஊசியக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

ஓரகத்திக்கு ஆறவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிளின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் வயர்மேன். பேப்பரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்படி ஒரு வண்டி கிடைக்காது என்று சொல்லச் சொன்னாள். வண்டியைத் தேடி நாளைக்கு அந்த அண்ணன் வந்து நின்றால் யார் பதில் சொல்வது என்று கேட்கச் சொன்னாள் ஊசியக்கா. எனக்குப் பிடித்தது என்பதாலேயே வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லச் சொன்னாள் ஓரகத்தி. அப்படி நினைக்கிற மனசுக்கு மருந்து என் லேபில் இல்லை என்று சொல்லச் சொன்னாள் ஊசியக்கா. வயர்மேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்.

"அண்ணி, நான் வெறும் ஒயரு. ரெண்டு பக்கமிருந்தும் கரண்ட்டு விட்டா ஒயருதான் எரியும். இனிமே ரெண்டு பேரும் போங்க, பாருங்க, வாங்குங்க. என்னை விட்டுடுங்க."

சாந்தமானவர்களுக்குக் கோபம் வந்தால் அது குரலில் தெரிவதில்லை. அவர் அமைதியாக மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பிளாஸ்டிக் குழாயும் அவரோடு போய்விட்டது.

பெண்கள் இருவரும் அன்று தனித்தனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள்.

மூன்றாவது வண்டியைப் பற்றி மெக்கானிக் சொன்னபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு கால்பந்து கிளப்பின் மைதானத்தில் உருளை இழுக்கவும் புல் வெட்டவும் வைத்திருந்த சின்ன டிராக்டராம். கிளப் புதிதாகப் புல் வெட்டும் எந்திரம் வாங்கிவிட்டதால் இதைக் கழித்துக் கட்டப் பார்க்கிறார்கள். சேற்றையே பார்க்காத வண்டி, ஆனால் சீக்கிரம் போகாவிட்டால் கை மாறிவிடும்.

வயர்மேன் அசைந்து கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை ஊசியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலுக்கு வந்தால் ஓரகத்தி ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை; பின்சீட்டில் இன்னொரு ஹெல்மெட் இருந்தது. ஊசியக்கா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினாள். வழி முழுவதும் பேச்சில்லை. வாயை மூடிக்கொண்டு அவ்வளவு தூரம் போனது தன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொல்லுவாள். வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டி மட்டும் தேவைக்கு மேலேயே மெதுவாகப் போனதை அவள் கவனித்தாள்.

டிராக்டர் பார்வைக்கு லட்சணமாக இல்லை. நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பந்து பட்டுப் பட்டு முன்மூடி முழுக்க நசுங்கல். சக்கரத்தில் கோடு போடுகிற வெள்ளைச் சுண்ணாம்பு. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர் மட்டும் அங்கே இருந்தார். எதையும் மறைக்காத ஆள். லிஃப்டை இதுவரை தூக்கியதே இல்லை, வேலை செய்யுமா என்று தனக்கே தெரியாது என்றார். கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகளைக் கொண்டுவந்து லிஃப்டில் கட்டினார்கள். தூக்கியது. எஞ்சினை நிறுத்தினார்கள். மூட்டைகள் தூங்கி விழுகிறவன் தலை மாதிரி மெல்ல மெல்லக் கீழே இறங்கின. உள்ளே ரப்பர் போயிருக்கிறது. பெரிய செலவில்லை, ஆனால் பேரம் பேசப் பிடி கிடைத்தது. உருவி எடுத்த ஆயில் சோதனைக் குழாயில் தேன் போல நின்றது. பேப்பர்கள் கிளப் பெயரில் சுத்தமாக இருந்தன.

ஓரகத்தி ஓட்டிப் பார்க்க ஏறினாள். ஊசியக்கா பின்னால் நடந்து புகையைப் பார்த்துக்கொண்டு போனாள். வண்டி மைதானத்தின் நீளத்துக்கு ஒழுங்காகப் போய்த் திரும்பி வந்தது. கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்துவதற்காக ஓரகத்தி பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்காமல் வலப்பக்கம் திரும்பியது. இன்னும் அழுத்தி மிதித்தாள். இன்னும் திரும்பியது.

"பிரேக் புடி!"

"புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்!"

நாலு வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிய வார்த்தைகள் இவைதான். அதற்குள் டிராக்டர் கோல் வலைக்குள் நிதானமாக நுழைந்து, வலையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு குலுக்கலோடு அணைந்தது. ஓரகத்தி வலைக்குள் மீன் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மைதானக்காரர் ஓடி வந்து காரணத்தைச் சொன்னார். டிராக்டரின் பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனியாக இரண்டு பிரேக். சாதாரணமாக அவற்றைச் சேர்த்து ஒரு கொண்டி போட்டிருக்கும். மூலையில் ஒடித்துத் திருப்ப வேண்டும் என்று அவர் கொண்டியைக் கழற்றி வைத்திருந்தார். ஓரகத்தி மிதித்தது வலது சக்கரத்தை மட்டும். முன்னால் பார்த்த இரண்டு வண்டியிலும் கொண்டி போட்டிருந்ததால் அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. நகரத்தில் பாதிப் பேருக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளின் முகம் சுண்டிப்போயிற்று. மைதானக்காரர் கத்தரிக்கோல் எடுத்து வருவதற்காகக் கட்டடத்தைப் பார்த்து நடந்தார்.

ஊசியக்கா வலையைப் பிரிக்கத் தொடங்கினாள். ஓரகத்தி உள்ளே இருந்து முடிச்சுகளைத் தள்ளிக் கொடுத்தாள்.

"நீங்க கத்தாம இருந்திருந்தா ஒழுங்கா நிறுத்தியிருப்பேன்" என்றாள்.

"கத்தலன்னா இந்நேரம் வலைக்குப் பின்னாடி இருக்கற சுவத்துக்குள்ள இருந்திருப்ப."

"எல்லாத்தையும் கத்தித்தான் சொல்லணுமாக்கா உங்களுக்கு?"

இது டிராக்டரைப் பற்றிய பேச்சல்ல என்பது ஊசியக்காவுக்குப் புரிந்தது. நல்லதுக்குத்தானே சொன்னேன், கேக்கைத் தின்றுவிட்டு மயங்கி விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று நாலு வருஷமாகத் தயாராக வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஓரகத்தி இடைமறித்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஊருக்குத் தெரிஞ்சது பெரிசில்ல. அவர்கிட்டயே நான் அப்போ சொல்லல. அவரு பயந்துடுவாரு, பக்குவமா சொல்லணும்னு ஒரு வாரமா வார்த்தை தேடிக்கிட்டு இருந்தேன். கடைசில அவரு உங்க வாயால கேட்டாரு, அத்தன பேரு நடுவுல. என் மூஞ்சியத்தான் பாத்தாரு."

ஊசியக்கா, கொழுந்தன் அன்று எங்கே நின்றார், எப்படிப் பார்த்தார் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். வரவில்லை. அவள் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த முடிச்சைப் பிரித்து விட்டாள்.

"இது எனக்குத் தோணவே இல்ல. தப்புதான்" என்றாள்.

ஓரகத்தி ஒரு 'ம்' போட்டாள். பிறகு, "அந்தக் கயித்த உங்க பக்கம் இழுங்க, இங்க லூசாவுது" என்றாள்.

மைதானக்காரர் கத்தரிக்கோலோடு வந்தபோது கிழிந்த இடம் தவிர மற்றதெல்லாம் பிரிந்திருந்தது. இரண்டு பேரும் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தம் என்ன, இந்தக் கசிவு என்ன என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேரத்துக்கு கிளப்பின் செயலாளர் வந்தார். தொழிலில் பல் டாக்டர். கேள்வி கேட்டு ஆளைத் திசை திருப்பும் வித்தையில் ஊசியக்காவுக்கு அண்ணன். அவள் ஒரு கேள்வி போட்டால் அவர் இரண்டு போட்டார். கால் மணி நேரத்தில் விலை இறங்கவில்லை, ஊசியக்காவின் வீட்டு விவரம் முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போது ஓரகத்தி டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். தங்களிடம் இருக்கும் தொகையைச் சொன்னாள். கிழிந்த வலைக்கும் அதிலேயே காசு அடக்கம் என்றாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. டாக்டர் காரணங்கள் சொன்னார், சிரித்தார், டயரைத் தட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். ஊசியக்காவுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. ஓரகத்தி ஒரு பார்வை பார்க்கவும் விழுங்கிக்கொண்டாள். முடிவில் டாக்டரே அலுத்துப்போய் சரி என்றார்.

டிராக்டர் வாடகை லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தது. வயர்மேன் வாசலில் நின்று பார்த்தார். இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டே வந்து இறங்கியதைப் பார்த்தபோது, டிராக்டரை அவர் மறந்தே போய்விட்டார். கணக்குச் சொல்லும்போது வலைக்கு எதற்குப் பணம் என்று கேட்டார். ஓரகத்தி தரையைப் பார்த்தாள். டிரைவிங் ஸ்கூல்காரி பிரேக்கைத் தப்பாக மிதித்தாள் என்பது ஊருக்குத் தெரிந்தால் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள். ஊசியக்கா துளியும் யோசிக்காமல், லாரியில் ஏற்றும்போது வலை மாட்டிக் கிழிந்துவிட்டது என்றாள். அந்தக் கதையை இன்று வரை மாற்றவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் தோட்டத்தில் இறக்கியபோதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. மைதானத்துப் புல் நசுங்கக் கூடாது என்று அந்த வண்டிக்கு அகலமான, வழுவழுப்பான டயர் போட்டிருந்தார்கள். எலுமிச்சை வரிசையில் அது ஒரு சாண் அகலம் கூடுதல். உள்ளே நுழைந்தாலும் சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வயர்மேன் தன் பிளாஸ்டிக் குழாயை எடுத்துவந்து அளந்து பார்த்துவிட்டு அதை மரத்தில் சாய்த்து வைத்தார். டயரைப் பார்க்க வேண்டியது ஓட்டத் தெரிந்தவள் வேலை என்றாள் ஊசியக்கா. சுற்றிச் சுற்றி வந்தவர்கள் நீங்கள்தானே என்றாள் ஓரகத்தி. சண்டை அரை மணி நேரம் நடந்தது. வயர்மேன் தலையிடாமல் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்து நாளாயிற்று.

மெக்கானிக் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வழியும் சொன்னார். சக்கரத்தின் வட்டைக் கழற்றி உள்புறம் வெளியாகத் திருப்பி மாட்டினால் அகலம் குறையும்; பள்ளம் பள்ளமாகப் பட்டை வைத்த விவசாய டயர் பழையதாகக் கிடைக்கும். அந்த டயருக்குக் காசு சேர்வதற்குள் ஒரு களையெடுப்பு வந்துவிட்டது. இரண்டு வீட்டாரும் மண்வெட்டியோடுதான் குனிந்தார்கள். லீவில் வந்த சமையல்காரரையும் விடவில்லை. அவர் கைக்கு அடுப்படி உறையை மாட்டிக்கொண்டு, முள்ளைத் திட்டிக்கொண்டே ஒரு வரிசையை முடித்தார்.

டயர் மாறிய பிறகு வண்டி வண்டியாயிற்று. வரப்பில் ஒரு இடத்தை வெட்டிச் சமன் செய்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வர வழி விட்டார்கள். முதலில் பக்கத்துக் கொய்யாத் தோட்டக்காரர் ஒரு நாளைக்குக் கேட்டார், பிறகு இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். லிஃப்ட் ரப்பருக்கான செலவு அந்த வாடகையிலேயே வந்துவிட்டது. நசுங்கிய முன்மூடியைத் தட்டி நேராக்கித் தருவதாக மெக்கானிக் சொன்னார். ஓடுகிற வண்டிக்கு மூஞ்சி எதற்கு என்று இருவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள்.

ஓட்டுவது எப்போதும் ஓரகத்தியாகவே இருந்தது ஊசியக்காவுக்குப் பிடிக்கவில்லை. பாதிக் காசு போட்டவள் நான் என்று நச்சரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓரகத்தி அவளை இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தாள். இத்தனை வருஷத்தில் தான் பார்த்ததிலேயே இதுதான் மோசமான மாணவி என்று பிற்பாடு சொன்னாள். கிளட்ச் எது என்று காட்டும்போது, அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்.

"வாய மூடிக்கிட்டு கால மட்டும் எடுங்கக்கா. மெதுவா."

வண்டி ஒரு உதறு உதறிவிட்டு நகர்ந்தது. ஓரகத்தி கொஞ்ச தூரம் பக்கத்தில் நடந்தாள். அப்போது டிரைவிங் ஸ்கூலிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே மரத்தடிக்குப் போய்விட்டாள். ஊசியக்கா தனியாக, முதுகு நிமிர்ந்து, இரண்டு பக்கமும் கிளை உரசாமல் வரிசையின் கடைசி வரை ஓட்டிக்கொண்டு போனாள். வேலி வந்தது. நிறுத்தினாள். பின்னால் எடுப்பது எப்படி என்று இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இறங்கினால் வண்டி நகர்ந்துவிடுமோ என்று பயம். கூப்பிட்டால் எஞ்சின் சத்தத்தில் மரத்தடி வரை கேட்காது. வேலிக்கு அப்பால் கொய்யாத் தோட்டக்காரர் மருந்து தெளித்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா ஸ்டியரிங் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவர் வீட்டில் குறட்டை விடுவது யார் என்று உரக்கக் கேட்டாள்.